ஆறு டயோடும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும்

போன வாரம் ராத்திரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு. பத்து செகண்டில் கீழே இருந்து ஜெனரேட்டர் உறும ஆரம்பித்து, லைட் வந்துவிட்டது. தங்கமணி சாதாரணமாக ரசத்தை ஊற்றினார். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டாலே வலது கை தானாக சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கும். அங்கே ஒரு ஸ்பேனர் இருக்கணும் என்கிற மாதிரி ஒரு நினைப்பு. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்னிக்கு கொசுவத்தி சுத்துறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டெக்னிக்கல் சமாச்சாரமும் உண்டு. காபி, டீ ஏதாச்சும் கையில் வெச்சுக்கிட்டுப் படிங்க.

நாங்க இருப்பது மேற்குத் தாம்பரம், முடிச்சூர் ரோட்டை ஒட்டின ஒரு அபார்ட்மென்ட். இருபத்திநாலு வீடு. முடிச்சூர்னு சொன்னாலே உங்களுக்கு 2015 வெள்ளம் ஞாபகம் வரும். அந்த டிசம்பர் 1-ம் தேதி ஆரம்பித்து மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு எங்க தெருவுக்கே வந்துவிட்டது. தரைத்தளத்தில் இருந்த எங்க 25 கேவிஏ ஜெனரேட்டர் ரெண்டு நாள் தண்ணிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஒரு மெக்கானிக் வந்து கழுவி, ஹேர் டிரையர், ஹாலஜன் லைட் எல்லாம் வெச்சுக் காயவிட்டு ஓட்டிக் காண்பித்தார். ஓடுச்சு. ஆகா, அம்புட்டுத்தான்னு நாங்களும் மறந்துட்டோம்.

நிற்க. கதை நடந்தது ஒரு வருஷம் கழித்து, 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல்.

காலையில் ஆரம்பித்த காற்று மதியத்துக்குள் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டது. வண்டலூர் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. எங்க தெருவில் மூணு ஈபி கம்பம் படுத்துவிட்டது. ஒண்ணு பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு மேலேயே. கரண்ட் எப்போ வரும்னு கேட்டால், கம்பம் எப்போ வரும்னு தெரியலைங்க என்றார் லைன்மேன். இதில் இன்னொரு கூத்து, அப்போ நாட்டில் பணமே கிடையாது. நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு அறிவித்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் பழைய நோட்டு வாங்குவதும் டிசம்பர் 2-ஓடு முடிந்துவிட்டது. கார்டு தேய்க்கலாம்னா கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. ஏடிஎம் வாசலில் எப்பவும் இருக்கும் கியூகூட அன்னிக்கு இல்லை, ஏன்னா ஏடிஎம்மே வேலை செய்யலை.

அசோசியேஷன் பொருளாளர் யாருன்னு கேட்கிறீங்களா? அவ்வ்வ். அடியேன்தான்.

எப்படியோ வீடு வீடாக நூறு ரூபாய் நோட்டாகப் பொறுக்கி டீசல் வாங்கினோம். காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம் ஓட்டுவதாக ஏற்பாடு. தண்ணி மோட்டார், லிஃப்ட், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு லைட், ஒரு ஃபேன். ஆனா ஏற்பாடு வேற, நடப்பு வேற இல்லையா? எல்லா வீட்டிலும் அந்த ஒரு பாயிண்டில் இன்வெர்ட்டரைச் சொருகிவிட்டார்கள். காலியாகிக் கிடந்த பத்துப் பதினஞ்சு இன்வெர்ட்டர் பேட்டரி ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறினா என்னாகும்? மறுநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லைட்டெல்லாம் மஞ்சளாகி, லிஃப்ட் பாதி மாடியில் நின்று, ஒரு மாதிரி "ம்ம்ம்ம்"னு முனகல் சத்தம் வந்தது. இன்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு, கரண்ட் சுத்தமா இல்லை.

மத்தவங்களுக்கு இது வெறும் கஷ்டம். ரெண்டாவது மாடி டீச்சர் வீட்டுக்கு அப்படி இல்லை. டீச்சர் வீட்டுக்காரருக்கு நுரையீரல் பிரச்சனை. வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வெச்சிருந்தாங்க. அது முன்னூறு, முன்னூத்தம்பது வாட்ஸ் தின்னும். அவங்க இன்வெர்ட்டரில் ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். அப்புறம்? குரோம்பேட்டையில் ஒரு கடையில் சிலிண்டர் வாடகைக்குக் கிடைத்தது, நல்லவர், காசுக்குப் பதிலா செக் வாங்கிக்கிட்டார். 1,500 லிட்டர் சிலிண்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் போனா பன்னிரண்டரை மணி நேரம் வரும். இந்தக் கணக்கை நான் அந்த மூணு நாளும் மனசுக்குள் போட்டுக்கிட்டே இருந்தேன்.

புதன்கிழமை காலையில் மெக்கானிக் தம்பி வந்தார். பல்லாவரம் பக்கம், இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும். புயலுக்கு அப்புறம் தூங்கவே இல்லைங்கிறது கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது. மீட்டரை வெச்சுப் பார்த்துட்டு, "ஏவிஆர் போயிடுச்சு சார். புதுசு ஏழாயிரம் ஆகும்"னார். ஏழாயிரம்! நூறு ரூபாய் நோட்டாக எழுபது! அதுக்கு எங்கே போறது?

அப்போதான் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏவிஆர் தானா போச்சா, இல்லை ஏதாவது அதைக் கொன்னுச்சா? பார்த்தியா தம்பி?"

எங்க எல்லாருக்கும் அவர் 'ரயில்வே சார்'. தாம்பரம் எலக்ட்ரிக் கார் ஷெட்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மீட்டர்கேஜ் ரயில் பெட்டிகளின் மின்சார வேலை. பீச்-தாம்பரம் பாதையில் 1931-ல் முதன்முதலா மின்சார ரயில் விட்டபோது மேலே கம்பியில் வந்தது 1,500 வோல்ட் டிசி. அறுபதுகளில் அதை 25,000 வோல்ட் ஏசியா மாத்தினாங்க. ஆனா ரயிலுக்கு அடியில் இருந்த மோட்டார் டிசியில் ஓடுறது. அதனால ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரை வண்டியிலேயே ஏத்தி வெச்சாங்க. ரயில்வே சாரோட உத்தியோகமே அதோடதான். 2004-ல் மீட்டர்கேஜ் நின்னதைச் சொல்லும்போதெல்லாம் சொந்தக்காரர் செத்த மாதிரி முகம் மாறும்.

அவர் எனக்குச் சொன்ன பாடத்தை என் பாஷையில் சொல்றேன். தெரிஞ்சவங்க அடுத்த மூணு பத்தியைத் தாண்டிடலாம்.

ஜெனரேட்டருக்குள்ளே நடுவில் சுத்துறது ஒரு மின்காந்தம். அது காந்தமா இருக்கணும்னா அதுக்குள்ள டிசி கரண்ட் போகணும். சுத்துற ஒண்ணுக்கு கரண்ட் எப்படிக் கொடுக்கிறது? பழைய மெஷின்ல கார்பன் பிரஷ் உரசிக்கிட்டே இருக்கும். இப்போ வர்றதுல பிரஷ் கிடையாது. அதே ஷாஃப்ட்டின் பின்பக்கம் எக்ஸைட்டர்னு ஒரு குட்டி ஜெனரேட்டர் இருக்கு. அது சுத்தும்போது அதிலிருந்து மூணு பேஸ் ஏசி வரும். அதை ஷாஃப்ட் மேலேயே ஒரு தட்டில் பொருத்தியிருக்கும் ஆறு டயோட் டிசியாக்கி, பெரிய காந்தத்துக்கு அனுப்பும். அந்த ஆறு டயோடும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து நிமிஷத்துக்கு 1,500 சுத்து சுத்துது. அதாவது ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு சுத்து.

டயோட்னா என்ன? கிணத்துக்குள்ள பைப்பு அடியில ஃபுட் வால்வ் இருக்கில்ல? தண்ணியை மேலே விடும், கீழே விடாது. அதே சோலிதான். கரண்டை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் மறிக்கும். வால்வ் கெட்டா ரெண்டு விதமாத்தான் கெடும். ஒண்ணு அடைச்சுக்கும், இல்லைன்னா ரெண்டு பக்கமும் ஒழுகும். டயோடும் அப்படித்தான். அடைச்சுக்கிட்டா லோடு இல்லாதப்போ எல்லாம் சரியா இருக்கிற மாதிரி இருக்கும், லோடு போட்டதும் வோல்டேஜ் படுத்துடும். ஒழுகினா, அதாவது ஷார்ட் ஆனா, அதான் ஆபத்து.

ஏவிஆர்ங்கிறது வோல்டேஜைப் பார்த்துப் பார்த்து எக்ஸைட்டருக்கு எவ்வளவு கரண்ட் விடணும்னு முடிவு பண்ற பெட்டி. டயோட் ஷார்ட் ஆகி வோல்டேஜ் குறைஞ்சா, அது பாவம், இன்னும் கொடு, இன்னும் கொடுன்னு கொடுத்துக்கிட்டே இருக்கும். கடைசியில அதுவே கருகிடும். புது ஏவிஆர் போட்டா அதுவும் கருகும். "டாக்டர் செத்துட்டார்னா நோயாளி குணமாயிட்டான்னு அர்த்தமா?"ன்னு கேட்டார் ரயில்வே சார். மெக்கானிக் தம்பிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா நல்ல பையன், கத்துக்கத் தயாரா இருந்தார்.

அப்புறம் ஒரு சோதனை பண்ணினாங்க. ஏவிஆரிலிருந்து எக்ஸைட்டருக்குப் போகும் ரெண்டு வயரைக் கழட்டி, பிளஸ் மைனஸ் பார்த்து நீளமான வயரில் வெளியே எடுத்து, மூடியெல்லாம் திரும்பப் போட்டு, என் பழைய காரின் 12 வோல்ட் பேட்டரியை அதில் கொடுத்து இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது. லோடு எதுவும் கிடையாது. எல்லாம் நல்லா இருந்தா, இந்தப் பேட்டரிக்கே கிட்டத்தட்ட முழு வோல்டேஜ், 415-க்குப் பக்கத்துல, பத்து சதவீதம் முன்னபின்ன வரணும். வந்தா ஏவிஆர்தான் குற்றவாளி. எங்களுக்கு மூணு பேஸும் ஒண்ணு போல 150-ஐத் தாண்டலை.

"மூணும் சமமா கம்மியா இருக்கு. அப்ப வெளியே நிக்கிற பெரிய காயில் நல்லா இருக்கு. கோளாறு சுத்துற பக்கம். பின்மூடியைக் கழட்டு"ன்னார்.

பையன் ஸ்க்ரூ டிரைவரோட குனிஞ்சார். ரயில்வே சார் அவர் தோளைப் பிடிச்சு இழுத்தார்.

"மூடியில கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி."

"சார், சாவி என் பாக்கெட்ல இருக்கு சார். செலக்டரையும் ஆஃப்ல போட்டுட்டேன்."

"இது ஏஎம்எஃப் பேனல் தம்பி. கரண்ட் போனா தானா ஸ்டார்ட் பண்ற பேனல். அதுக்கு உன் சாவி தேவையில்லை. செலக்டர் ஆஃப்ல இருக்குன்னு உனக்குத் தெரியும். அந்த ரூமுக்குள்ள வர்றவனுக்குத் தெரியுமா?"

எங்க பேனல் வாட்ச்மேன் ரூமில் இருக்கு. ஜெனரேட்டர் கட்டிடத்துக்குப் பின்னால். ஒண்ணிலிருந்து பார்த்தா இன்னொண்ணு தெரியாது.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் வயரை முதல்ல கழட்டினார். ஏன் மைனஸ் முதல்ல? பிளஸ்ஸைக் கழட்டும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டா பொறி பறக்கும். மைனஸ் போயிட்டா அந்தப் பயம் இல்லை. மாட்டும்போது தலைகீழ், மைனஸ் கடைசியில. கழட்டின வயரை ரப்பர் டியூப் சுத்தி ஓரமாகக் கட்டினார். ஸ்பேனரைத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டார். "இனி இது என்கிட்ட இருக்கிற வரைக்கும் இந்த இன்ஜின் செத்த இன்ஜின்." அப்புறம் ஜெனரேட்டர் மெயின் பிரேக்கரை இறக்கி, டெர்மினலில் மீட்டர் வெச்சுப் பார்த்தார். "கரண்ட்தான் ஊர்லயே இல்லையே சார்"னேன். "சேஞ்ச்ஓவர் ஒட்டிக்கிட்டிருந்தா, ஈபிக்காரன் சொல்லாம கொள்ளாம லைன் விட்டா, இந்தப் பக்கமாவும் வரும். இல்லைன்னு மீட்டர் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது."

மூடியைத் திறந்தால், பித்தளை மேலெல்லாம் பச்சைக் களிம்பு. 2015 வெள்ளத்தின் சேறு ஒரு மூலையில் காய்ந்து கெட்டியா இருந்தது. டயோட் ஒவ்வொண்ணின் வால் வயரையும் கழட்டி, மீட்டரை டயோட் பக்கம் வெச்சு ரெண்டு திசையிலும் பார்த்தோம். நல்ல டயோட் ஒரு பக்கம் அரை வோல்ட் சுமாருக்குக் காட்டும், மறுபக்கம் ஒண்ணும் காட்டாது. நாலு அப்படி இருந்தது. ஒண்ணு ரெண்டு பக்கமும் பூஜ்யம், ஷார்ட். இன்னொண்ணு ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்லை, அடைப்பு. திடீர் வோல்டேஜைத் தாங்குறதுக்காகக் கூடவே வெச்சிருந்த வேரிஸ்டர் வெடிச்சுக் கருகிக் கிடந்தது.

"ரெண்டை மட்டும் மாத்திடலாமா?"ன்னு பொருளாளர் கேட்டார். (நான்தான்!)

"மீட்டர் ஒண்ணரை வோல்ட்ல, மூணு வோல்ட்ல சோதிக்குது. உள்ளே ஓடும்போது அதைவிட எத்தனையோ மடங்கு. மத்த நாலும் இதே அடி வாங்கினதுதான். ஆறும் ஒரே கம்பெனி, ஒரே எடையா மாத்து. சுத்துற தட்டு பாரு, எடை மாறினா அதிரும்."

ஆக வியாழக்கிழமை ஆபீஸில் ஆணி பிடுங்குறதுக்கு லீவு சொல்லிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பினேன். ரயில் ஓட ஆரம்பிச்சிருந்தது. பழைய டயோடைக் காட்டி, "இதே மாதிரி ஆறு"ன்னேன். கடைக்காரர் டப்பாவிலிருந்து ஆறு எடுத்துக் கொடுத்தார். ஒண்ணு 150 ரூபாய். வேரிஸ்டரும் கிடைத்தது. வெற்றி வீரனா தாம்பரம் திரும்பினேன்.

ரயில்வே சார் மீட்டரை எடுத்து ஒவ்வொண்ணா வெச்சார். நாலாவதுல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆறும் ஒரே ஜாதி."

விஷயம் என்னன்னா, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இதில் ரெண்டு வகை உண்டு. திருகு இருக்கும் பக்கம் ஒண்ணில் கேத்தோட், இன்னொண்ணில் ஆனோட். பிளஸ் தட்டுக்கு மூணு ஒரு வகை, மைனஸ் தட்டுக்கு மூணு மறு வகை வேணும். தலைகீழ் வகைக்குப் பெரும்பாலும் நம்பரோட கடைசியில் 'ஆர்'னு ஒரு எழுத்து இருக்கும். நான் காட்டின பழசில் அந்த எழுத்து இருந்த இடம் கருகிப் போயிருந்தது. "ஆறும் ஒரே பக்கம் பார்த்தா கரண்ட் போறதுக்கு வழி இருக்கும், திரும்பி வர்றதுக்கு வழி இருக்காது. பரவாயில்லை, ஒண்ணும் வராது, அவ்வளவுதான். ஆனா ஒண்ணே ஒண்ணு மாறிப் போச்சுன்னு வையி, ரெண்டு பேஸ் நேரா மோதும். எக்ஸைட்டர் காயிலே போயிடும்."

அப்போ மணி நாலரை. இனி ரிச்சி ஸ்ட்ரீட் போய்த் திரும்ப முடியாது. மாடிக்குப் போய் டீச்சரிடம் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னோட ஒரு கவனக்குறைவு, அவருக்கு இன்னொரு சிலிண்டர், இன்னொரு ராத்திரி. டீச்சர் ஒண்ணும் சொல்லலை. "நாளைக்கு வந்துடும்ல சார்?"னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். மூணை மாத்தி, கடையிலேயே மீட்டர் வெச்சுப் பார்த்து வாங்கிக்கிட்டு ஒரு மணிக்குள் வந்துட்டேன். மறுபடி அதே சடங்கு. மைனஸ் வயர், ரப்பர் டியூப், ஸ்பேனர் பாக்கெட்டில், டெர்மினலில் மீட்டர். பையன் இந்தத் தடவை பொறுமை இழந்துட்டார். இதை முடிச்சிட்டு இன்னும் மூணு இடம் போகணும் அவருக்கு. "சார், அஞ்சு நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷம் பூஜையா"ன்னார். எனக்கும் உள்ளுக்குள் அதே எரிச்சல்தான், பொய் சொல்வானேன். மேலே கடைசி சிலிண்டரின் முள் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

தட்டை வழித்துச் சுத்தம் பண்ணி, டயோடின் அடியில் மட்டும் வெப்பம் கடத்தும் பசையை மெல்லிசாத் தடவினார். திருகு மரையில் படக் கூடாது. இறுக்குறதுக்கு டார்க் ரெஞ்ச். எங்க மெஷினோட புத்தகத்தில் நாலரை நியூட்டன் மீட்டருக்குள்னு போட்டிருந்தது. மெஷினுக்கு மெஷின் மாறும், அவங்கவங்க புத்தகத்தைப் பார்க்கணும். அளவுக்கு மேல இறுக்கினா உள்ளே இருக்கும் சிலிக்கான் வில்லை விரிசல் விடும். குறைச்சு இறுக்கினா சூடேறும், 1,500 சுத்தில் கழண்டும் போகலாம்.

பையன் ரெண்டு கையையும் உள்ளே விட்டு நாலாவது டயோடைப் பிடிச்சிருக்கார். ரயில்வே சார் டார்ச் அடிக்கிறார். நான் நட்டு வாஷரை ஏந்திக்கிட்டு நிக்கிறேன். அப்போ வாட்ச்மேன் அண்ணன் வேகவேகமா வந்தார்.

"சார், என்ன சார் ஜெனரேட்டர் ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது? டீச்சரம்மா வந்து அவருக்கு மூச்சு வாங்குது, சீக்கிரம் போடுப்பான்னு அழுவுறாங்க. ரிப்பேர்தான் முடிஞ்சிருக்கும்னு நானும் ஸ்விட்சை மேனுவல்ல போட்டு பச்சை பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்குறேன், ஒரு சத்தமும் இல்ல."

யாரும் பேசலை.

பையன் கையை மெதுவா வெளியே எடுத்தார். எடுத்து, ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டார். பத்து விரலும் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துட்டார். ரயில்வே சார் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவர் மடியில் வெச்சார். அட்வைஸ் ஒண்ணும் பண்ணலை.

யாரைக் குத்தம் சொல்ல முடியும் சொல்லுங்க? வாட்ச்மேன் அண்ணன் உதவி பண்ணத்தான் நினைச்சார். டீச்சர் புருஷனுக்காகத்தான் அழுதாங்க. நாங்க யாருக்காக அவசரப்பட்டோமோ, அந்த அவசரமேதான் அந்தப் பட்டனை அமுக்க வெச்சது. நாங்க பயந்தது கரண்ட் ஷாக்குக்கு. கையை எடுக்க வந்தது ஒரு நல்ல மனசு. நல்ல மனசை நிறுத்துறதுக்கு எச்சரிக்கையோ, நம்பிக்கையோ, பாக்கெட்டில் இருக்கும் சாவியோ போதாது. கழட்டின வயர்தான் நிறுத்தும்.

நான் மாடிக்கு ஓடி டீச்சர் பக்கத்தில் நின்னேன். சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, பதட்டத்தில் குழாய் மடங்கியிருந்தது. சரி பண்ணி, அவர் மூச்சு நிதானமானதும் இறங்கினேன். வாட்ச்மேன் அண்ணனை பேனல் ரூம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வெச்சோம்.

மீதி வேலைக்கு ஒருத்தரும் அவசரப்படலை. மாட்டினதை மறுபடி மீட்டர் வெச்சுப் பார்த்தாங்க. டயோடுகளைச் சேர்த்து ஷார்ட் பண்ணி, ஏவிஆரைக் கழட்டி வெச்சு, மெக்கர் போட்டு ஈரம் இருக்கான்னு பார்த்தாங்க. மெக்கர் 500 வோல்ட் அனுப்பும், அப்படிப் பண்ணலைன்னா புது டயோடும் ஏவிஆரும் அப்பவே காலியாகலாம். கடைசியில் கருவி எண்ணிக்கை. உள்ளே போன ஸ்பேனர் எத்தனை, துணி எத்தனை, வெளியே வந்தது எத்தனை. மூடி போட்டு, மெயின் பிரேக்கர் இறங்கியே இருக்க, பையனே போய் மைனஸ் வயரை மாட்டினார்.

முதல்ல காரின் பேட்டரி சோதனை. 400-க்கு மேல, மூணு பேஸும் சமம். அப்புறம் பழைய ஏவிஆரையே மாட்டினோம். 415. ஏவிஆர் சாகலை, அளவுக்கு மீறி வேலை வாங்கினதால் தன்னைத் தானே நிறுத்திக்கிட்டிருக்கு. ஏழாயிரம் மிச்சம்! பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, முதல் லோடா ரெண்டாவது மாடி டீச்சர் வீடு. அப்புறம்தான் மத்தவங்க. இன்வெர்ட்டர் மட்டும் ஒரு நேரத்துக்கு நாலு வீடுன்னு முறை வெச்சோம். முறை மீறினா பொருளாளரே வந்து பிளக்கைப் பிடுங்குவார்னு நோட்டீஸ் ஒட்டினேன்.

மொத்தச் செலவு, டயோட் 900, வேரிஸ்டர் 250, பையனுக்குக் கூலி, ரெண்டு ரயில் டிக்கெட். மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஈபி ஊழியர்கள் கம்பம் நட்டு லைன் கொடுத்துட்டாங்க. ஒரே நாள்! தங்கமணி, "இதுக்கா இந்த ஆட்டம்?"னு கேட்டாங்க. ஒரு ராத்திரிக்குத்தான். ஆனா அந்த ஒரு ராத்திரி மேலே ஒருத்தர் நல்லா தூங்கினார்.

டீச்சர் வீட்டுக்காரர் அதுக்கப்புறம் ரெண்டரை வருஷம் இருந்தார். ரயில்வே சாரும் இப்போ இல்லை. கொரோனாவுக்கு அடுத்த வருஷம் தூக்கத்திலேயே போயிட்டார். அவர் மகன் பழைய கருவிப் பெட்டியைக் கொடுத்துட்டுப் போனார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து முடிச்சூர் மறுபடி மிதந்தப்போ எங்க ஜெனரேட்டர் தப்பிச்சுது, 2016-க்கு அப்புறம் அதை ஆளுயர மேடைக்கு ஏத்திட்டோம். ஆனாலும் ஃபில்டர் மாத்த வேண்டியிருந்தது. வந்தது அதே பையன், இப்போ சொந்தக் கடை, கூட ஒரு சின்னப் பையன். சின்னவன் மூடியில் கை வைக்கப் போனான். தோளைப் பிடிச்சு இழுத்துட்டு, என்னைப் பார்த்தார். நான் பாக்கெட்டிலிருந்து பத்தாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போ பேட்டரிப் பக்கத்தில் பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் வெச்சிருக்கோம். "ஆள் வேலை செய்கிறார், தொடாதே"ன்னு ஒரு போர்டும் பேனலில் தொங்கும். பூட்டினவர்தான் திறக்கணும், சாவி அவர்கிட்டேதான். உங்க அபார்ட்மென்ட்ல இது இருக்கா? இன்னிக்குச் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.

டிஸ்கி 1: இதைப் படிச்சிட்டு யாரும் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் இதைத் தொடணும். நான் செஞ்சது வாஷரை ஏந்தினது மட்டும்தான் :-)

டிஸ்கி 2: ஜெனரேட்டரை மூடின ரூமில், கார் பார்க்கிங் மூலையில், ஜன்னலுக்கு அடியில் ஓட்டாதீங்க. அந்தப் புகையில் வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது.